நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும்

எங்கள் ஊரில் மாமாவின் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு அரை மைல் கூட வராது. அந்த அரை மைலுக்குள் அவர் மூன்று இடத்தில் நிற்பார். முதலில் மதகடி, பிறகு சைக்கிள் கடை வாசல், கடைசியாகப் பள்ளிக்கு முன்னால் நிற்கும் வேம்பு. நிற்கிற இடத்தில் யாரையாவது கூப்பிட்டு ஊர்ப்புதினம் கேட்பார். இரண்டு மூன்று நிமிடம் போனதும் "சரி, தொழுகைக்கு நேரமாகுது" என்று நடக்கத் தொடங்குவார். "மாமாவுக்குப் புதினம் கேக்காட்டி அஸர் கூடாது போல" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் புதினம் கேட்க நிற்கவில்லை. கெண்டைக்கால் பிடித்ததால் நின்றார். நின்றதற்கு ஒரு சாட்டு வேண்டும் என்பதற்காகப் புதினம் கேட்டார். இது எங்களுக்கு விளங்கியபோது நாலு வருஷம் போயிருந்தது, ஒரு காலும் போயிருந்தது.

ஜேர்மன் மொழியில் இந்த வருத்தத்துக்கு 'கடைக்கண்ணாடி நோய்' என்று ஒரு பேச்சுப் பெயர் இருக்கிறது. தெருவில் நடக்கிற ஆள் கால் வலி தாங்காமல் நின்று, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று கடைக் கண்ணாடிக்குள் உள்ள சாமான்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். பெர்லின் தெருவில் கண்ணாடி; எங்கள் தெருவில் மதகு. வெட்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வைத்தியத்துறையில் இதைப் புற நாடி நோய் என்கிறார்கள். பெயரில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போகும் குழாயை இலங்கைப் பாடநூல்கள் 'நாடி' என்றும், திருப்பிக் கொண்டு வருவதை 'நாளம்' என்றும் சொல்கின்றன. தமிழ்நாட்டு நூல்களில் அவை தமனி, சிரை. நாங்களோ பேச்சில் கையைப் பிடித்துப் பார்க்கும் துடிப்பையும் நாடி என்போம், நாடியில் கை வைத்து யோசிக்கிறான் என்று மோவாயையும் சொல்வோம். இந்தக் கட்டுரையில் நாடி என்று வரும் இடமெல்லாம் இரத்தக் குழாயைத்தான் குறிக்கும். துடிப்பைத் துடிப்பு என்றே எழுதுகிறேன். புற நாடி என்றால் இதயத்துக்கும் மூளைக்கும் வெளியே, முக்கியமாகக் கால்களுக்குப் போகும் நாடிகள்.

வன்னிக்காரருக்கு இதை விளங்கப்படுத்த குளத்தை விட நல்ல உதாரணம் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கலாம், துருசும் ஒழுங்காகத் திறபடலாம். ஆனால் வாய்க்காலில் மண் படிந்து புல்லும் முளைத்துவிட்டால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசி வயல்தான். இதயம் குளம் என்றால் காற்பெருவிரல் அந்தக் கடைசி வயல். நாடியின் உட்சுவரில் வருஷக் கணக்காகக் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி ஒடுங்குகிறது. சும்மா இருக்கும்போது தசைக்குத் தேவையான இரத்தம் சொற்பம். அது ஒடுங்கிய வழியாலும் வந்து சேர்ந்துவிடும். நடக்கத் தொடங்கினால் கெண்டைத் தசை பல மடங்கு கேட்கும். கேட்டது வராது. தசை பிடிக்கும், இறுகும், நோகும். நின்றால் தேவை குறையும், ஓரிரு நிமிடத்தில் நோவு போய்விடும். திரும்ப நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். மாமாவின் மதகும் சைக்கிள் கடையும் வேம்பும் அநேகமாக ஒரே அளவு இடைவெளியில் இருந்தன. அதை யாராவது கவனித்திருந்தால் அதுவே நோயின் பெயரைச் சொல்லியிருக்கும்.

இந்த விட்டு விட்டு நொண்டும் குணத்தை முதலில் எழுதி வைத்தது மனிதரில் அல்ல, ஒரு குதிரையில். 1831ஆம் ஆண்டு பிரான்சில் பூலே என்ற கால்நடை வைத்தியர் அதைப் பதிவு செய்தார். மனிதரில் அதே வருத்தம் உண்டென்று சார்க்கோ எழுதியது 1858இல். வண்டிக் குதிரை நொண்டினால் சொந்தக்காரன் உடனே வைத்தியரைக் கூப்பிடுவான். தன் கால் நொண்டினால் புதினம் கேட்பான்.

எல்லாக் கால் நோவும் இதுவல்ல. நாளம் புடைத்தவர்களுக்குக் கூட நேரம் நின்றால் கால் பாரமாகும், காலை உயர்த்தி வைத்தால் சுகம். முதுகெலும்பில் நரம்பு நெரிபடுபவர்களுக்கு நடந்தாலும் நோகும், நின்றாலும் நோகும். குந்தினால் அல்லது குனிந்தால்தான் விடும். நாடி நோயில் நின்றாலே போதும், குந்தத் தேவையில்லை. நோய் முற்றினால் இரவில் படுக்கையில் பாதம் எரியும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் ஆறும். தலையணை வைத்துக் காலை உயர்த்திவிடுவது எங்கள் வீட்டுப் பெண்களின் அன்பான வழக்கம். இந்த நோயில் அது இரத்தத்தை இன்னும் குறைக்கும்.

இனி, யாருக்கு வரும்?

2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 20 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. பணக்கார நாட்டு வருத்தம் என்று நினைத்தால் பிழை. அவர்களில் ஏறக்குறைய 70 வீதமானோர் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்ந்தவர்கள். இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களிடம் செய்த ஆய்வொன்று 3.6 வீதமானோருக்கு இது இருப்பதாகக் கண்டது. நூறு பேர் வந்து நிற்கும் ஜும்ஆவில் அந்த வயதுக்காரரை எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள் என்று கொள்ளலாம். அதே ஆய்வாளர்கள் காரணிகளைத் தேடியபோது முன்னுக்கு வந்தவை புதுமையானவை அல்ல: புகைத்தல், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட நீரிழிவு, நீண்டகால உயர் குருதி அமுக்கம், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு.

புகையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். சிகரட்டால் நெஞ்சு கெடும், புற்றுநோய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. கால் போகும் என்பது பலருக்குத் தெரியாது. உண்மையில் புகைக்கும் இதய நாடிக்கும் உள்ள தொடர்பை விடப் புகைக்கும் கால் நாடிக்கும் உள்ள தொடர்பு பலமானது. புகைப்பவருக்கு இந்நோய் வரும் ஆபத்து இரண்டு முதல் நாலு மடங்கு. விட்டால் ஆபத்து குறையும், ஆனால் மெதுவாகத்தான். நிறையப் புகைத்தவரின் காலில் அதன் தடம் முப்பது வருஷம் வரை இருக்கலாம் என்று நீண்டகால ஆய்வொன்று கண்டிருக்கிறது. "நான் விட்டுப் பத்து வருஷமாச்சே" என்பவரும் கால் நோவைச் சட்டை செய்யாமல் விட முடியாது.

மாமா பீடி பழகியது 1990இற்குப் பிறகு. ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வேலையில்லாமல் இருந்த நாட்களில். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. நான் பள்ளிக்கூடப் பிள்ளை. கொட்டிலுக்கு வெளியே இரவில் வரிசையாகத் தெரிந்த பீடி நெருப்புகள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி நிற்கிறார்கள். இந்த நோய் வரும் வயது அதுதான். வன்னியில் தமிழ்ச் சகோதரர்களின் நிலையும் வேறல்ல. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பங்கருக்குள்ளும் முகாமுக்குள்ளும் பழகிய புகை, வருஷக் கணக்காகத் தவறிப்போன கிளினிக், தொலைந்துபோன மருந்துக் கொப்பி. இவையெல்லாம் இப்போதுதான் காலுக்கு வருகின்றன.

பீடி, சிகரட், சுருட்டு எதுவானாலும் இளம் வயதிலேயே காலைப் பதம் பார்க்கும் இன்னொரு நோயும் உண்டு. 1908இல் அதை விவரித்த லியோ பேர்கர் பெயரால் பேர்கர் நோய் என்பார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் கைகால் விரல்கள் கறுத்து அழுகும். தென்னாசியாவில் இது அரிதல்ல. புகையை அடியோடு விட்டால் நோய் நிற்கும்; நாளுக்கு ஒன்று என்று குறைத்தால் நிற்காது. வெற்றிலையோடு புகையிலை போடும் மூத்தம்மாமாருக்கும் ஒரு வார்த்தை: நெருப்பு வைக்காவிட்டாலும் நிகொட்டின் நிகொட்டின்தான். அது நாடியைச் சுருக்கும், குருதி அமுக்கத்தைக் கூட்டும்.

அடுத்தது சீனி வருத்தம். நீரிழிவு, சலரோகம் என்று எப்படி அழைத்தாலும் ஆள் ஒன்றே. 2005-06 காலத்தில் நாடளாவிய ஆய்வொன்று இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொன்னது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு ஒரு வீதக் கூடுதலுக்கும் கால் நாடி நோயின் ஆபத்து 28 வீதம் கூடுவதாகப் பிரித்தானியாவின் பெரிய நீரிழிவு ஆய்வு கண்டது.

நீரிழிவு புகையிலிருந்து ஒரு விஷயத்தில் வித்தியாசம். புகை பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் உள்ள பெரிய நாடிகளை அடைக்கும். அதனால் நடக்கும்போது கெண்டை பிடிக்கும், ஆளுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும். நீரிழிவு முழங்காலுக்குக் கீழே உள்ள சிறிய நாடிகளை அடைக்கும். கூடவே பாதத்தின் நரம்பையும் மரத்துப்போகச் செய்யும். எனவே நோவே இல்லாமல் நோய் முற்றும். நீரிழிவுக்காரர் "எனக்குக் காலில ஒரு நோவும் இல்ல" என்று சொல்வது நல்ல செய்தியாக இருக்கத் தேவையில்லை. முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு வார் உரசினாலும் தெரியாது. பிறகு புண். புண் ஆறுவதற்குச் சாதாரண தோலுக்குத் தேவையானதைவிடக் கூட இரத்தம் வேண்டும். வராத இடத்தில் புண் எப்படி ஆறும்? புகையும் சீனியும் ஒரே ஆளில் சேர்ந்தால் மேலும் கீழும் இரண்டும் அடைபடும். மாமாவுக்கு நடந்தது அதுதான்.

குருதி அமுக்கத்தையும் கொலஸ்திரோலையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கிளினிக்கில் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இரண்டுமே நோகாத வருத்தங்கள், ஆகவே "இப்ப சுகம்" என்று குளிசையை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை. சிறுநீரக நோயும் ஒரு காரணி. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் இல்லாத ஊரைத் தேடுவது கஷ்டம். அவர்கள் தங்கள் பாதத்தையும் காட்ட வேண்டும். வயது, குடும்ப வரலாறு இரண்டையும் மாற்ற முடியாது. இது ஆண்களின் நோய் என்ற எண்ணமும் சரியல்ல. பெண்களுக்கும் வரும், ஆனால் வீட்டுக்குள்ளேயே நடந்து திரிபவர் பிடிக்கும் தூரத்தை எட்டுவதில்லை, அதனால் தெரியாமலே போகும்.

இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கால் போவதில்லை. அவர்களுக்கு வருவது மாரடைப்பும் பாரிசவாதமும். ஒரு வாய்க்காலில் மண் படிந்திருந்தால் மற்ற வாய்க்கால்களிலும் படிந்திருக்கும் அல்லவா? கால் நோவு ஒருவகையில் இதயம் அனுப்பும் தந்தி.

வன்னியில் காலில்லாத ஒருவரைக் கண்டால் நாங்கள் காரணம் கேட்பதில்லை. ஷெல், மிதிவெடி, அல்லது இரண்டிலொன்று. அத்தனை பேர் அப்படி இழந்தார்கள். மாமாவுக்குச் செயற்கைக் கால் அளவெடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோது படிவம் நிரப்பிய இளம்பிள்ளை தலை நிமிராமலே, "எந்த வருஷம் ஐயா, எந்த இடத்தில?" என்று கேட்டான். மாமா கொஞ்சம் தயங்கி, "ஷெல் இல்ல தம்பி, சீனி" என்றார். அந்தக் குரலில் இருந்த குற்றவுணர்ச்சியை நான் மறக்கவில்லை. ஷெல் பட்டவருக்குக் கிடைக்கும் மரியாதை தனக்கு இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தொடங்கியது ஒரு புதுச் செருப்பில். பெருநாளுக்கு மகன் வாங்கிக் கொடுத்தது. வார் உரசி சின்னவிரலில் ஒரு கொப்புளம். உம்மா மஞ்சள் வைத்தார். அயலவர் ஒருவர் பவுடர் போட்டார். ஒருவர் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்; மரத்த காலில் சூடு தெரியாமல் தோல் வெந்துபோனது. ஆறு வாரம் இப்படிப் போக்காட்டினோம். படித்தவன் என்று வீட்டில் பெயர் எனக்குத்தான். நானும் "ஆறிடும் மாமா" என்றேன். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே.

நீரிழிவுள்ளவரின் பாதத்தில் வந்த புண் சின்னதாக இருந்தாலும் ஓரிரு நாளில் காட்ட வேண்டும். ஆணியை பிளேட்டால் சீவக்கூடாது. ஒத்தடம் கூடாது. வெறுங்காலோடு திரியக்கூடாது, பள்ளி முற்றத்து வெயில் சீமெந்திலும்தான். உம்ரா, ஹஜ் போகிறவர்கள் கவனிக்க: ஸபா மர்வாவுக்கு இடையே ஏழு தடவை என்றால் மூன்று கிலோமீற்றர் தாண்டும். நின்று நின்று நடக்கிற ஆள் போகுமுன் காலைப் பரிசோதித்துக்கொண்டு போவது நல்லது. நோன்பு காலத்துக்கு முன் குளிசை நேரத்தை டொக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதும் அப்படியே.

வுழூச் செய்பவர் ஒரு நாளில் பல தடவை தன் பாதத்தைத் தொடுகிறார், விரலிடுக்கில் விரலை விட்டுக் கோதுகிறார். கைதான் போகிறது, கண் போவதில்லை. ஒரு நேரமாவது வெளிச்சத்தில் இருந்து பாதத்தைப் பார்க்கலாம். அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைக் கீழே வைக்கலாம். முடி உதிர்ந்து தோல் மினுங்குகிறதா? ஒரு கால் மற்றதைவிடக் குளிராக இருக்கிறதா? நிறம் மாறியிருக்கிறதா? வெடிப்பு, கொப்புளம், விரலிடுக்கில் வெள்ளை? கழுவிய பிறகு விரலிடுக்கை உலரத் துடைப்பதும் முக்கியம். ஈரத்தில்தான் சேற்றுப்புண் பிடிக்கும்.

வைத்தியர் பார்க்கும் முறை மிக எளிது. மேற்பாதத்திலும் உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்துத் துடிப்புத் தேடுவார். சந்தேகமென்றால் கையிலும் கணுக்காலிலும் குருதி அமுக்கம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.6. ஒன்றை ஒட்டியோ சற்று மேலேயோ இருந்தால் சாதாரணம், 0.9க்குக் கீழே நாடி நோய். 1.4ஐத் தாண்டினாலும் சந்தோஷப்படக் கூடாது. நீரிழிவில் நாடிச் சுவர் சுண்ணாம்பு பிடித்து விறைத்துப்போனால் அளவு பொய்யாக ஏறும். ஊசியுமில்லை, நோவுமில்லை. ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் 35 வயது கடந்தவர்களுக்குச் சீனி, குருதி அமுக்கம் பார்க்கும் நிலையங்கள் இலவசமாக நடக்கின்றன. அங்கு போனால் வாய் திறந்து, "நடந்தா கெண்டை பிடிக்குது, நிண்டா விடுது" என்று இந்த ஐந்து சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் நூறு பேருக்கு நடுவே சப்பாத்தைக் கழற்றச் சொல்ல யாருக்கு நேரம்?

சிகிச்சையில் வினோதம் என்னவென்றால் நடந்தால் நோகும் நோய்க்கு மருந்தே நடைதான். புண்ணும் இரவு நோவும் இல்லாதவர்கள், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஓரளவு நன்றாக நோகும் வரை நடந்து, நின்று ஆறி, திரும்ப நடக்க வேண்டும். இப்படி அரை மணி தொடங்கி முக்கால் மணி வரை, கிழமையில் மூன்று நாளாவது, மூன்று மாதம். நிற்காமல் நடக்கும் தூரம் கண்கூடாகக் கூடும். பக்கத்துச் சிறு நாடிகள் வேலைக்கு வருவதும், கிடைக்கிற இரத்தத்தைச் சிக்கனமாகப் பாவிக்கத் தசை பழகுவதும் இதற்குக் காரணம். கூடவே கொழுப்பைக் குறைக்கும் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் போன்றவை. முற்றினால் பலூன் விட்டு விரிப்பதும், மாற்றுவழி தைப்பதும் உண்டு.

ஒரு நிலை மட்டும் நாளைக்குப் பொறுக்காது. திடீரென்று ஒரு கால் நொந்து, வெளிறி, குளிர்ந்து, மரத்து, விரலை அசைக்க ஏலாமல் போனால் நாடி முற்றாக அடைபட்டிருக்கிறது. காலைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணித்தியாலம்தான். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் போய் யாழ்ப்பாணம் சேர 100 கிலோமீற்றருக்கு மேல். எண்ணெய் தடவிப் பார்க்க நேரமில்லை. இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. வடபுலத்து முஸ்லிம்களுக்கு அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மாமா பீடியை விட்டுவிட்டார். பள்ளிக்கு இப்போது மூன்று சில்லு வண்டியில் வருகிறார், வழியில் எங்கும் நிற்பதில்லை. இரவில் பேரன் டோர்ச் அடித்து மிச்சமிருக்கும் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பத்து வயதுப் பிள்ளை. கூலி, ஒரு பாதத்துக்கு ஐந்து ரூபாய். "ரெண்டு காலும் இருந்திருந்தா எனக்குப் பத்து ரூபா கிடைச்சிருக்கும் மூத்தவாப்பா" என்கிறான்.